ஹனோவருக்கு என்னை விடாத ஆண்டவர்

எனக்கு ஒரே ஒரு தம்பி. 2003ஆம் ஆண்டு அவன் தொலைபேசியில் என்னிடம் சொன்னது இதுதான்: “அம்மாவுக்குக் கடமை செய்யாதவன் எனக்கு அண்ணனில்லை. இனி எனக்கு எடுக்காதை.”

அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். எங்கள் இருவராலும் போக முடியவில்லை. தம்பி குகன் ஜெர்மனியில், ஹனோவரில், ஐயரை அழைத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வைத்தான். மூத்தவன் நான் செய்ய வேண்டிய கிரியை. நான் அப்போதுதான் ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். பக்கத்தில் இருந்து அழுகிறேன், கிரியை மட்டும் என்னால் ஏலாது என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தப் பதிலோடு என் தம்பியும் போவான் என்று அன்று தெரியாது.

பிரியமானவர்களே, சாட்சி என்றால் சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். என் சாட்சியில் கசப்பு அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹம் நகரில் தொழிற்சாலை வேலை. எங்களை வழிநடத்தும் அருள் அண்ணை வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சில பேர் கூடி ஜெபிப்போம். சுவிசேஷம் சொல்லப் போக வேண்டும் என்ற பாரம் எங்களுக்கு வந்தது. சனிக்கிழமையில் ஐந்து பேர் ஒரே குழு டிக்கெட்டில் ரெயிலேறுவோம். ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, மாடி வீடுகளின் வாசலில் அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். ஜெர்மன் பெயர், துருக்கிப் பெயர், போலந்துப் பெயர். நடுவில் இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு நீளப் பெயர் தெரிந்தால் அது நம்முடைய ஆள். அந்த மணியை அடிப்போம்.

திறந்தவர்கள் குறைவு. “ஐயோ திறக்காதை, அல்லேலூயாக்காரர்!” என்று உள்ளே சொல்வது வாசலில் இருக்கும் ஸ்பீக்கரிலேயே கேட்கும். ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்து, “அண்ணை, கிழமை முழுக்க முதலாளி எழுப்பிறான். சனிக்கிழமையும் நீங்கள் எழுப்பினால் நான் எப்ப நித்திரை கொள்ளுறது?” என்றார். அவரைப் பார்க்க எனக்கும் பாவமாக இருந்தது.

என் மனம் முழுக்க ஹனோவர். ஆண்டவரே, முதலில் என்னை என் தம்பியிடம் அனுப்பும் என்று கேட்டேன். முதல் தடவை புறப்பட்டபோது புயலில் மரம் விழுந்து பாதி வழியில் ரெயில் நின்றுவிட்டது. அடுத்த தடவை நான் காய்ச்சலில் விழுந்தேன். பிறகு 2005இல் குழுவோடு ஒருவாறு போய் அவன் மணியை அடித்தேன்.

“ஆர்?” என்றது ஸ்பீக்கர்.

“நான். அண்ணை.”

பிறகு, “பிழையான வீடு. வேற மணியை அடிச்சுப் பாருங்கோ,” என்றான். முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னான். மற்றவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகும் ஹனோவர், ஹனோவர் என்றே நின்றேன். அருள் அண்ணை ஒருநாள் கண்டித்தார்.

“அப்போஸ்தலர் பவுல் ஆசியாவுக்குப் போக நினைச்சார், ஆவியானவர் விடேல்லை. பித்தினியாவுக்கு வெளிக்கிட்டார், அதுக்கும் விடேல்லை. மக்கெதோனியாவுக்குத்தான் போகச் சொன்னவர். நீர் என்ன, பவுலிலும் பெரிய ஆளோ?”

“பவுலுக்குப் பித்தினியாவில தம்பி இருந்தவனோ அண்ணை?” என்று கேட்டேன்.

அந்த நாட்களில் முழங்காலில் நிற்கும்போதெல்லாம் கெல்சென்கிர்ச்சன் என்ற பெயர் என் மனதில் வந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. போக விருப்பமில்லாததால் வாயைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அருள் அண்ணை தானாகவே, “நாளைக்குக் கெல்சென்கிர்ச்சன்,” என்றார். ஆண்டவர் பேசுகிறார் என்று விளங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் போனேன்.

அங்கே ஒரு வாசலில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர். விமலா அக்கா என்ற மன்னார்க்காரி கதவைத் திறந்தார். நாங்கள் வாய் திறக்க முன்னமே, “நோயாளியைப் பாக்கப் போற ஆக்களோ நீங்கள்?” என்றார்.

“எந்த நோயாளி அக்கா?”

“மேல் அறையில இருந்த பெடியன். ரெஸ்டாரண்ட் முதலாளி எடுத்துக் குடுத்த அறை. போன வருசம் ஹனோவரில இருந்து வந்தவராம். போன கிழமை மூச்சு விட ஏலாமல் கிடந்து ஆம்புலன்ஸில ஏத்தினவை. சொந்தமெண்டு ஒருத்தரும் வரேல்லை. பேர் குகன்.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹனோவரில் அவன் இல்லாத வீட்டுக்குப் போக விடும்படிதான் இந்த ஒரு வருடமும் ஜெபித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தாதி என்னை உள்ளே விடவில்லை. உறவினர் மட்டும்தான் என்றாள். அண்ணன் என்றேன். என் அடையாள அட்டையைப் பார்த்து, குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே என்றாள். அகதியாக வந்து பதிந்தபோது எனக்கு அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார்கள். தம்பிக்கு அவன் பெயரையே எழுதிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இப்படி! எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் அதை விளங்கப்படுத்த முடியவில்லை. “சரி, அவரையே கேட்கிறேன்,” என்று உள்ளே போனாள்.

கதவு பாதி திறந்திருந்தது. ஆண்டவரே, அவன் இல்லை என்று சொன்னால் நான் இதிலேயே செத்துப்போவேன் என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

வெளியில் நிற்கிறவர் உங்கள் அண்ணனா என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. கட்டிலருகே மெஷின் அடிப்பதை எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு மிக மெதுவாக, “யா,” என்றான். ஆம் என்று ஒத்துக்கொண்டான்.

உள்ளே போனேன். கையிலும் கழுத்திலும் குழாய்கள். முகம் வீங்கியிருந்தது. “எப்பிடி இஞ்ச வந்தனீ?” என்றான்.

“ஆண்டவர் அனுப்பினவர்.”

“உன்ர ஆண்டவருக்கு இப்பத்தானோ அட்ரஸ் கிடைச்சது?”

கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான்.

உயிர் பிழைத்தான். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஒரு வருடம் முன்பே வைத்தியம் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வருடம் ஏன் என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்கிறேன். அவர் சொல்லவில்லை.

அவனை ஹம்முக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்திருக்கிறேன். மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்தால் அவனுக்குத் தண்ணீர் அளந்து எடுத்துக் கொடுப்பது நான்தான். திருநீறு பூசுகிறான். ஒருநாளும் என்னோடு ஜெபித்ததில்லை. நான் கேட்டது அவன் ஆத்துமா. ஆண்டவர் தந்தது அவன் உயிர். அதற்கே நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன். கெல்சென்கிர்ச்சனில் விமலா அக்கா வீட்டில் இப்போது ஜெபக்கூட்டம் நடக்கிறது. ஆண்டவருக்கு ஊர் காட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

நீங்கள் போக விரும்பும் வழி அடைபட்டிருந்தால் அழுங்கள், கோபமென்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். ஆனால் அவர் காட்டும் ஊருக்கு ரெயிலேறுங்கள். கசந்த மனதோடு போனவனையும் அவர் கைவிடவில்லை. என் தம்பி இப்போது பக்கத்து அறையில் நித்திரை கொள்கிறான். மூச்சு எனக்குக் கேட்கிறது.