சுகுணாவுக்கும் வந்தது

அடுத்தவர் புதிதாக எதை வாங்கினாலும் சுகுணா "நல்லாருக்குதுங்க" என்று வாயாரச் சொல்லுவாள். வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது. கம்பைநல்லூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவள் நான். எனக்குக் கண்ணாடி போட்ட அன்று, தனக்கும் கரும்பலகை தெரியவில்லை என்று அழுதவள் அவள். ஆனால் இன்னொருத்திக்கு வந்த நோயைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியும் என்பதை நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை.

சுகுணாவின் ஓரகத்தி காவியா, கொழுந்தன் மனைவி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மெல்லிசான பேச்சு. கொரோனா வந்த வருஷம் ஆவணியில் புருஷனோடு ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து வீட்டில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். காவியாவுக்கும் அவள் புருஷனுக்கும் மாமனார் நஞ்சப்பனுக்கும் பாசிட்டிவ். சுகுணாவுக்கு நெகட்டிவ்.

நெகட்டிவ் என்றால் அடுப்படி உனக்கு என்று அர்த்தம். மாடி அறையில் படுத்திருந்த காவியாவுக்கு அவித்த முட்டை, ஆட்டுக்கால் சூப், மிளகு ரசம் என்று வேளை தவறாமல் படியேறி வைத்துவிட்டு வந்தவள் சுகுணா. மாமியார் தீர்த்தம்மாள், களியில் ஒரு கட்டி தட்டினால் தெருவைக் கூட்டுகிறவர், கீழே நின்று அண்ணாந்து, "சாப்டியா கண்ணு, மூச்சு நல்லா வருதா" என்று கேட்பாராம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தன்னை ஒரு நாள் அப்படிக் கேட்டதில்லை என்று சுகுணா என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

நஞ்சப்பன் தருமபுரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். நாலு பேர் மட்டும் நின்று அடக்கம் செய்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் சுகுணாவுக்கு உடம்பு கொதித்தது. நாக்கில் ருசியில்லை, புளிக்குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று எனக்குப் போன் செய்தாள். எழவு வீட்டில் யார் கவனிப்பார்கள்? அழுத அலுப்பு என்று சொல்லிவிட்டார் மாமியார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

அதன் பிறகு ஊரில் காவியாவுக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே. செத்துப் பிழைத்தவள் என்று பெயர். எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டாய் என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பக்கத்து வீட்டு வளைகாப்பில் காவியாவுக்கு நாற்காலி போட்டார்கள், சுகுணா கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் பட்டினி.

தை மாதம் என் முன்னால் வந்து கையை நீட்டினாள். "வந்துட்டுப் போனது ரத்தத்துல தெரியுமாமே சசி, எடுத்துப் பாரு" என்றாள்.

விளக்கிச் சொன்னேன். மூக்கில் எடுப்பது கிருமி இப்போது இருக்கிறதா என்று பார்க்க. ரத்தத்தில் பார்ப்பது, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க. காய்ச்சல் கண்ட முதல் வாரத்தில் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. நாலு மாதம் கழித்துக் காட்ட வாய்ப்பு அதிகம். தடுப்பூசியும் அவள் இன்னும் போடவில்லை, அதனால் குழப்பமில்லை. அவள் காதில் பாதி ஏறவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சாமியைக் கும்பிடுவார்கள். இவள் இருக்க வேண்டுமென்று தீர்த்தமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் பாசிட்டிவ் என்று வந்தது. தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், லேமினேஷன் எங்கே போடுவார்கள் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டில் தாளைக் காட்டியதும் காவியா, "நீங்களும் பட்டிருக்கீங்களேக்கா" என்று கையைப் பிடித்திருக்கிறாள். அந்த 'நீங்களும்' சுகுணாவைக் குத்திவிட்டது. இதிலும் இரண்டாவது இடமா?

"உனக்கு முன்னாடியே எனக்கு வந்துருச்சு. நீங்க வூட்டுக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலயே காய்ச்சல், யாருகிட்டயும் சொல்லல. வந்துட்டுப் போயிருச்சு, அதான் மூக்குல நெகட்டிவ்னு சொன்னாங்க."

பச்சைப் பொய். ஆனால் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். படித்தவளான காவியாவே நம்பிவிட்டாள். நம்பியவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சுகுணாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான்தான் பெங்களூர்லருந்து கொண்டாந்து மாமாவைக் கொன்னுட்டேன்னு இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேங்க்கா."

தீர்த்தம்மாள் மூத்த மருமகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று சுகுணா போட்ட சோற்றை அவர் தொடவில்லை.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் சுகுணா அரூருக்கு வந்து நின்றாள். காய்ச்சல் எப்போது வந்தது என்று அந்தத் தாளில் தேதி போட்டுத் தர முடியுமா என்றாள். வந்தது என்றுதான் ரத்தம் சொல்லும், எப்போது வந்தது என்று சொல்லாது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்றும் சொல்லாது என்றேன். பெரியவருக்குச் சந்தையில்கூட ஒட்டியிருக்கலாம் என்றேன். அதையெல்லாம் என் மாமியாரிடம் யார் சொல்வது என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. எழவுக்கு மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாயே, அதை நானே வந்து உன் மாமியாரிடம் சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "நேத்து காவியா குறட்டை மாடியிலருந்து கீழ வரைக்கும் கேட்டுச்சு சசி. மாமா போனதுலருந்து அவ தூங்குனதே இல்லயாம். கொழுந்தன் சொல்லுச்சு" என்றாள்.

நான் பையைக் கீழே வைத்தேன். இதிலும் பார், தூக்கம் அவளுக்கு, பழி எனக்கு என்று முணுமுணுத்தபடியே சுகுணா பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆவணியில் நஞ்சப்பனின் முதல் தெவசத்துக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால் மூத்த மருமகள் குளித்து முழுகி, தீப்பெட்டியோடு நின்றாள். தீர்த்தம்மாள் அவளைத் தாண்டிக் காவியாவைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னார். கூடியிருந்தவர்கள் சுகுணாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, ஓர் அடி முன்னால் வைத்தேன்.

சுகுணா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கண் மட்டும் காவியாவின் கையிலிருந்த விளக்கின் மேலேயே இருந்தது.

"வயிறெல்லாம் எரியுது சசி. நீ வாயத் தொறக்காத."