பாலிகரோ கிடங்கில் ஏழு நிமிடங்கள்

நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. 1978 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு பன்னிரண்டு முதல் நாலு பத்தொன்பது வரை. அந்த ஏழு நிமிடத்தில் உடைந்த இரண்டு விலா எலும்புகள் மழை பெய்தால் இன்றும் வலிக்கும். எங்கள் அயர்லாந்தில் மழை பெய்யாத நாளைத்தான் எண்ண வேண்டும்.

என் பெயர் கிரானியா டோலன். அப்போது இருபத்தொன்பது வயது. கலால் அதிகாரி. பாலிகரோ விஸ்கி வடிசாலையில் வேலை. முளைவிட்ட பார்லியும் முளைவிடாத பார்லியும் கலந்து அரைத்து, நொதிக்க வைத்து, செம்புக் கொப்பரையில் மூன்று முறை காய்ச்சி வடிப்பார்கள். வடித்து வருவது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். வாயில் வைத்தால் நெருப்பு. ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த பிறகுதான் அதற்கு விஸ்கி என்று பெயர்.

அப்படிப் படுத்துக் கிடக்கும் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆலையிடம். இன்னொன்று என்னிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. கலால்காரனை ஊர் நம்பியதில்லை, ஊரைக் கலால்காரன் நம்பியதில்லை. பிரிட்டிஷ் ராஜா ஆண்ட காலத்தில் கொப்பரைக்கு வரி போட்டார்கள். ஊர் மலைக்குள் போய்த் திருட்டுத்தனமாகக் காய்ச்சியது. மோப்பம் பிடித்துப் போன அதிகாரிகளில் சிலர் வீடு திரும்பவில்லை.

ஆலைச் சாவி மலக்கி ஸ்கல்லியிடம் இருந்தது. கிடங்குக் காவலாளி. ஐம்பத்தெட்டு வயது. பனைமரம் மாதிரி உயரம், வாய் அதைவிட நீளம்.

"என்ன ஆபீசரம்மா, நாங்க குடிச்சுட்டோமான்னு பாக்க வந்தீங்களா?"

"பீப்பாய்க்குப் பீப்பாய் குறையுதே மலக்கி."

"அது ஆவியாப் போறது. தேவதைங்களோட பங்கும்மா."

"உங்க ஊர் தேவதைங்களுக்கு ரொம்பத்தான் தாகம்."

"பின்ன? கீழ உங்களை மாதிரி ஆளுங்க இருந்தா, மேல இருக்கறவங்க குடிக்காம என்ன செய்வாங்க?"

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. உள்ளே விளக்கு கிடையாது. விஸ்கி ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். ஆளுக்கொரு டார்ச். மலக்கி கதவோரத்து வரிசையில் பீப்பாய் எண்களைப் படிக்க, நான் கடைசி வரிசைக்குப் போனேன். எங்களுக்கு நடுவே ஒரு வரிசைப் பீப்பாய்கள்தான். அவர் செருமினால் எனக்குக் கேட்கும்.

அங்கே ஒரு பீப்பாயின் தக்கையை மரச்சுத்தியலால் தட்டி எடுத்தேன். அளவுகோலை உள்ளே விட்டேன். அந்தப் பீப்பாயின் ஆழம் இரண்டரை அடி. அளவுகோல் மூன்றரை அடி.

கோல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. என் விரல் பீப்பாயைத் தொட்ட பிறகும் அடி தட்டவில்லை.

பதறிப் போய்க் கோலை வெளியே இழுத்தேன். கோல் முழுக்க நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்து வருஷப் பழைய பீப்பாய். தேன் நிறத்தில் இருக்க வேண்டும்.

நிறமே இல்லை. நேற்று வடித்தது போல் இருந்தது.

மணி பார்த்தேன். நாலு பன்னிரண்டு.

டொக்... டொக்... டொக்...

பீப்பாய்க்கு இரும்பு வளையம் அடிக்கும் சத்தம். ஆலையில் பீப்பாய்ப் பட்டறையை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. மலக்கி விளையாடுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் திரும்பினேன். அவருடைய டார்ச் வெளிச்சம் தெரியவில்லை.

வாசனையும் மாறியிருந்தது. அந்தக் கிடங்கில் எப்போதும் ஓக் மரமும் இனிப்புமாக ஒரு வாசனை இருக்கும். இப்போது ஈரக் கம்பளியும் வியர்வையும். பக்கத்திலேயே நாலைந்து பேர் நிற்கிற நாற்றம்.

சுத்தியல் சத்தம் நின்றது.

முதல் அடி விலாவில் விழுந்தது.

என்ன என்று புரிவதற்குள் இரண்டாவது அடி. அதே இடத்தில். எலும்பு முறிகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. டார்ச் உருண்டு போனது. அதன் வெளிச்சத்தில் தரை தெரிந்தது... ஆள் யாரும் தெரியவில்லை.

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார்கள். ஒரு கை இல்லை, பல கைகள். தரையோடு இழுத்தார்கள். முழங்கால் தோல் உரிந்தது. என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். எதிரே ஒரு பீப்பாய் நின்றுகொண்டிருந்தது. மேல்மூடி இல்லை. விளிம்பு வரை சாராயம்.

அந்தக் கிடங்கில் எல்லாப் பீப்பாயும் படுத்துத்தான் கிடக்கும்.

காதோரம் ஒரு குரல். ஐரிஷ் மொழியில். பள்ளியில் படித்தது, எனக்குப் புரிந்தது.

"குடிடா. ராஜாவோட நாயே... குடிடா."

என் தலையை உள்ளே அமுக்கினார்கள்.

கண் எரிந்தது. மூக்கு எரிந்தது. வாய் திறந்தேன், தொண்டை வெந்தது. உதைத்தேன். காலையும் பிடித்துக்கொண்டார்கள். மனசுக்குள் எண்ணினேன். இருபத்தி மூன்று வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

அப்போதுதான் தெரிந்தது...

அந்தப் பீப்பாய்க்குள் நான் தனியாக இல்லை.

என் கன்னத்தோடு இன்னொரு கன்னம். தாடி குத்தியது. யாரோ என்னைப் போலவே மூச்சுக்குத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

ஒரு மூச்சு.

ஒரே ஒரு மூச்சு. அதை வைத்து, உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

"மலக்கி!"

மறுபடி உள்ளே.

வாயருகே ஒரு விரல் வந்தது. கடித்தேன். பல் எலும்பில் இறங்கியது. ரத்தம் உப்புக் கரித்தது. யாரோ அலறினார்கள். என் வலது கை விடுபட்டது. இடுப்பில் செருகியிருந்த மரச்சுத்தியலை உருவி, பின்னால் வீசினேன்.

பட்டது.

மறுபடி வீசினேன். எதுவோ நொறுங்கியது.

மறுபடி.

பிறகு... காற்றில் வீசினேன்.

"அம்மா! ஏம்மா! நாந்தான்மா, மலக்கி! கீழ போடுங்க அதை!"

வெளிச்சம் கண்ணில் அடித்தது. நான் மண்தரையில் உட்கார்ந்திருந்தேன். தலையிலிருந்து மார்பு வரை சொட்டச் சொட்டச் சாராயம். சுற்றிலும் தரை காய்ந்து கிடந்தது. நிற்கிற பீப்பாய் எதுவும் இல்லை. மணி நாலு பத்தொன்பது.

மலக்கி டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தார். "யாரும்மா? யாரு அடிச்சது? கதவு என் கண்ணு முன்னாடிதானே இருக்கு. ஒரு ஈ கூட உள்ள வரலியே!"

"கத்தினேனே... உங்க பேரைச் சொல்லிக் கத்தினேனே..."

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சத்தியமாச் சொல்றேன். நான் பத்தடியிலதான் நின்னேன். ஒரு சத்தமும் கேக்கல. என்ன இவ்வளவு அமைதியா இருக்கீங்களேன்னுதான் எட்டிப் பாத்தேன்."

மருத்துவமனையில் டாக்டர் என் முதுகையும் தோளையும் ரொம்ப நேரம் பார்த்தார். "எத்தனை பேர் அடிச்சாங்க?" என்று கேட்டார். அவரே எண்ணிச் சொன்னார். ஐந்து வெவ்வேறு ஆட்களின் கைத்தடம். போலீஸ் மலக்கியின் கைகளை அளந்து பார்த்தது. ஒன்றும் பொருந்தவில்லை.

வேறு ஊருக்கு மாற்றல் வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அடுத்த வசந்தத்தில், மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய கொலை விசாரணைக் கட்டுகளைப் புரட்டினேன். மூன்றாவது நாள் கிடைத்தது.

1829. பாலிகரோ வடிசாலை. கலால் அதிகாரி பார்த்தலமியூ க்ரேயை ஐந்து பேர் கிடங்குக்குள் அடித்து, அப்போதுதான் வடித்த பச்சைச் சாராயப் பீப்பாயில் தலையை முக்கினார்கள். அவர் இரண்டு நாள் உயிரோடு இருந்து வாக்குமூலம் கொடுத்தார். சாராயத்தில் கண் போய்விட்டதால் யார் முகமும் தெரியவில்லை என்றார். ஆனால் ஒன்று காதில் கேட்டது என்றார். பக்கத்தில் ஒரு பெண், ஒரே ஒரு முறை, ஒருவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

அந்தப் பெண்ணை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பெயரில் ஆலையில் ஒரே ஒருவன் இருந்தான். மலக்கி ஃபாலன், பீப்பாய் செய்பவன், இருபத்தாறு வயது. சம்பவத்தன்று அவன் ஊரிலேயே இல்லை என்று பாதிரியார் சத்தியம் செய்தார். எடுபடவில்லை.

சிறை வாசலில், அவன் மனைவி பார்க்க, தூக்கிலிட்டார்கள்.