ராஜாவின் கையில் உப்பு

எனக்கு எழுத்து எப்போதுமே மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். அதனால் இதைப் பல நாளாக எழுதுகிறேன், அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் காது எனக்கு நல்ல காது. ஒரு தடவை கேட்டதை விடமாட்டேன். இதைச் சொன்னது நான் இல்லை, எங்கள் இங்கிலீஷ் டீச்சர். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன். பெருமைதான், இருக்கட்டும்.

அறுபதுகளில் நடந்தது. தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது முடித்துவிட்டு, மாட்டுங்காவில் ஒரு இங்கிலீஷ் ஹைஸ்கூலில் பள்ளிச் சம்பளம் கட்டத் தேவையில்லாத இடம் கிடைத்துச் சேர்ந்தேன். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே பேசுகிற பேச்சு வேறு, டிபன் டப்பாவைத் திறந்தால் வருகிற வாசனை வேறு. நான் சேர்ந்த வருஷமே அப்பா இறந்துபோனார். அம்மா முறுக்குச் சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குப் போட்டு எங்களைக் காப்பாற்றினாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்று வருஷம் ஓட்டியது முழுக்கக் காதால்தான். புத்தகத்தைப் பார்த்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டீச்சர் வாசித்தால் அப்படியே உள்ளே போய்விடும். இங்கிலீஷ் பாட்டுப் பாடம் நடக்கும்போது டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டிக்கொண்டே வாசிப்பார். எந்தச் சொல்லில் தட்டு விழுகிறது என்று கேட்பார். வகுப்பே புத்தகத்துக்குள் தலையை விட்டுத் தேடும். நான் எழுந்து சொல்லிவிடுவேன். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. “இவளுக்குக் காது இருக்கு பாருங்கோ” என்பார் டீச்சர். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கிற தூரமே தெரியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாலக்காட்டுக் குடும்பம். அப்பாவுக்கு ஃபோர்ட்டில் ஆபீஸ் உத்தியோகம், மாட்டுங்காவில் சொந்த ஃப்ளாட். அவள் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், தமிழும் சரி இங்கிலீஷும் சரி. அவளுக்குத் தட்டு எங்கே விழுகிறது என்று தெரியாது, நான் மேஜைக்கடியில் அவள் முழங்காலில் விரலால் தட்டிக் காட்டுவேன். எனக்கு எழுத வராததை அவள் எழுதிக் கொடுப்பாள். அவளைச் சிநேகிதி என்றே இங்கே சொல்கிறேன். அப்போது அதுதான் அவள்.

பத்தாவதில் ஒரு பழைய துன்ப நாடகம் பாடமாக வந்தது. ராஜா ஒருவன் தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் கையாலேயே சாகிறான். டீச்சர் அதை ஒரு நாள் முழுசாக வாசித்துக் காட்டினார். ராஜா விழுந்ததும் ராணி வருகிறாள், நாலு வார்த்தை பேசுகிறாள், போய்விடுகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. கையைத் தூக்கி, “அவ ஏன் டீச்சர் அழவே இல்ல?” என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நல்ல கேள்வி. அந்த ராணி என்ன சொல்லி அழுதிருப்பா? எல்லாரும் எழுதிண்டு வாங்கோ. உங்க பாஷையிலேயே எழுதலாம், அர்த்தம் மட்டும் இங்கிலீஷ்ல சொன்னாப் போறும்” என்றார்.

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பரீட்சைத் தாளில் நான் எழுதுவது யாருக்கும் புரியவில்லை, இப்படியே போனால் பதினோராவதுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றார். “இந்த ஒண்ணை நன்னா எழுதிண்டு வா. நான் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசறேன்.” எனக்கு வேறு எதுவும் வேண்டாம், பதினோராவது போதும். எங்கள் வரிசை வீட்டுச் சாலில் அதுவரை எந்தப் பெண்ணும் பதினோராவது போனதில்லை.

ராணி என்ன சொல்லி அழுவாள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். எங்கள் அம்மா வைத்தால் வேலைக்குப் போகிற ஆண்கள்கூட நின்றுவிடுவார்கள். ராணிக்கு நான் நடந்து போகும்போதே கட்டிவிட்டேன். தாராவி முனையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் மூன்று நாள் நடந்ததில் பாட்டு முடிந்துவிட்டது. எல்லா வரியும் நானே கட்டியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தியபோது அம்மா பாடியது.

உப்பேறின கையால ஊட்டிவிட்ட ராசாவே.

அப்பா தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தார். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டுத் தேய்க்கிற வேலை. எத்தனை கழுவினாலும் விரலிடுக்கில் வெள்ளையாக நிற்கும். அவர் சோறு பிசைந்து கொடுத்தால் குழம்புக்கு உப்புப் போட வேண்டாம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பாட்டு இருந்தது. எழுத வேண்டும். சிநேகிதியிடம் சொன்னேன்.

“நீ பாடு, நான் எழுதித் தரேன். கீழே உன் பேரையே போடறேன்” என்றாள். “எங்காத்துக்கு வா. அம்மா கோவிலுக்குப் போயிருப்பா.”

“ஐயோ, வீட்டுக்குள்ள பாடக்கூடாதுளா. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா சாவு வந்துரும்.”

“சும்மா பாட்டுதானேடீ?”

“என் தலையே போனாலும் கூரைக்கடியில பாடமாட்டேன்.”

“பக்கா மெட்ராஸி நீ” என்று சிரித்தாள், அவள் என்னமோ மெட்ராஸி இல்லாத மாதிரி.

கடைசியில் ரயில் பாதைக்கு மேலே போகிற நடைபாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே கூரை இல்லை. கீழே ஓடுவது ரயில், யார் குடும்பத்துக்கும் கேடு ஒட்டாது. பதினைந்து வயசில் எனக்குத் தெரிந்த நியாயம் அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாடினேன். ரயில் வந்தால் நிறுத்துவேன், போனதும் பாடுவேன். அவள் நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். உப்புக் கை வரி வந்தபோது நான் கம்பியில் முகத்தைச் சாய்த்து அழுதுவிட்டேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முதுகைத் தடவினாள். அந்தத் தடவலை இன்றைக்கும் நான் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்கு விளங்காதது.

கொடுக்க வேண்டிய நாள் காலையில் தாளைக் கேட்டேன். “நானே டீச்சர்கிட்ட கொடுத்துட்டேன், கவலைப்படாதே” என்றாள். சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு எனக்கு வந்ததில்லை” என்றார். நான் பாவாடையைச் சரி செய்துகொண்டு எழுந்திருக்கத் தயாரானேன். அவர் கூப்பிட்டது சிநேகிதியின் பெயரை.

அவள் போய் நின்று வாசித்தாள். வருகைப் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஒரு வாசிப்பு. இழுக்கிற இடத்தில் இழுக்கவில்லை, மூச்சு விடுகிற இடத்தில் விடவில்லை. ராசா என்று நான் பாடியதை ராஜா என்று திருத்தியிருந்தாள். அந்த வரி வந்தது.

“ஒரு நிமிஷம். ராஜாவோட கையில ஏது உப்பு?” என்று டீச்சர் கேட்டார்.

சிநேகிதி யோசிக்கவே இல்லை. “கடல் தாண்டி யுத்தத்துக்குப் போயிட்டு வந்தவன் டீச்சர். கடல் உப்பு.”

“பிரமாதம்!” என்றார் டீச்சர். வகுப்பு கைதட்டியது.

நான் எழுந்துவிட்டேன். “அது கடல் உப்பு இல்ல டீச்சர். தோலுக்குப் போடுத உப்பு. எங்க அப்பா கை அது.”

பின்பெஞ்சில் ஒருத்தி, “ராஜா தாராவில தோல் காயப் போட்டாராம்டீ!” என்றாள். மூக்கைப் பிடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“என்ன சொல்றே? இதை நீயா எழுதினே?” என்று டீச்சர் கேட்டார்.

“நான் பாடினேன் டீச்சர். அவ எழுதினா.”

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் அவகிட்ட ரெண்டு மூணு வார்த்தை கேட்டுண்டேன் டீச்சர். அதான்” என்றாள்.

டீச்சர் என்னிடம் திரும்பினார். நல்ல மனுஷிதான், நியாயமாகத்தான் கேட்டார். “சரி, உன்னோடதுன்னா பாடிக் காமி. ரெண்டு வரி போறும்.”

மேலே கூரை. கூரைக்கடியில் நாற்பது பெண்கள், எல்லாரும் யாரோ பெற்ற பிள்ளைகள். என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்தவளும் அதில் ஒருத்தி. வாயைத் திறந்தேன், வரவில்லை. அப்போதுதான் சிநேகிதி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். பயம் இல்லாத பார்வை. நான் பாடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். பாலத்துக்குப் போகும் முன் நானே என் வாயால் சொல்லிக் கொடுத்தது.

“இங்க பாடக்கூடாது டீச்சர். பாலத்துக்கு வாங்க. அங்க முழுசும் பாடுதேன்.”

அதற்குப் பிறகு வகுப்பு சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. டீச்சர் “உட்காரு” என்றார். பாலம் ஐந்து நிமிஷ நடை. அவர் வந்திருக்கலாம். காது இருக்கிறது என்று சொன்னவர் தன் காதைக் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம். அந்த ஐந்து நிமிஷத்தையும் நான் மறக்கவில்லை.

மணி அடித்ததும் வாசலில் சிநேகிதியைப் பிடித்தேன். “ஏம்ளா இப்படிச் செஞ்ச?”

“நோக்கென்னடீ, நீ இன்னும் நூறு பாடுவே” என்றாள். கோபமாகக்கூட இல்லை. “எனக்கு ஒண்ணுகூட வரல்லே. ராத்திரியெல்லாம் உக்காந்து பார்த்தேன். எங்காத்துல முதல் ராங்க் வரலேன்னா அப்பா மூஞ்சி குடுத்துப் பேசமாட்டார். நீ எப்படியும் மேல படிக்கப் போறதில்லையே.”

அதை அவள் திட்டாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். அடித்திருந்தால் நானும் அடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், நோட்டு, கைதட்டு எல்லாம். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முறுக்கைத் திருப்பிவிட்டாள்.

“அவ வீட்டுல யாருளா செத்தா?”

“யாரும் சாகலம்மா.”

“பொறவு எதுக்கு அவளுக்கு அது?”

அம்மா அடுத்த முறுக்கை எண்ணெயில் போட்டாள்.

“அந்த உப்புக் கைய நீ வெளிய எடுத்துட்டுப் போனியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

அத்தோடு சரி. அதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. சிநேகிதி செய்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். அம்மா கேட்டதை நினைத்தால் கோபம்கூட வராது.

பதினோராவதுக்கு என்னை அனுப்பவில்லை. டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசினாரா என்று நான் போய்க் கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை. முறுக்குப் பிழிய உட்கார்ந்தேன். சிநேகிதி காலேஜ் போனாள், பிறகு செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் ஆனாள் என்று கேள்விப்பட்டேன். அந்த ராஜாவின் நாடகத்தையும் நடத்தியிருப்பாள். எத்தனை பிள்ளைகளுக்குக் கடல் உப்பைச் சொல்லிக் கொடுத்தாளோ.

வெகு வருஷம் கழித்து அம்மா இறந்தாள். அப்போது வீட்டுக்குள், கூரைக்கடியில், முறையோடு உட்கார்ந்து பாடினேன். அப்பாவின் கையைப் பற்றிய வரியை அம்மாவுக்குப் பாட எனக்கு வாய் வரவில்லை. அது கைதட்டு வாங்கிய வரி. அம்மாவின் கையில் முழங்கை வரை எண்ணெய் தெறித்த புள்ளி இருக்கும். அதைப் பாடினேன். பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். வேலைக்குக் கிளம்பிய ஆண்கள் வாசலில் நின்றார்கள்.

நாலு வீடு தள்ளி இருந்த ஒருத்தி, படித்த பெண், நல்ல எண்ணத்தோடுதான், டேப்ரிக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். பாட்டை நிறுத்தினேன். “அத வெளிய கொண்டு போம்மா” என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அடுத்த வரியைத் தொட்டேன்.

என்ன பாடினேன் என்று இங்கேயும் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை.