வண்டி தாழ்ந்தே இருக்கும்

அந்தக் காரை வாங்கியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கருநீல நிற, பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். அலிப்பூரில் ஒரு பெரிய வீட்டின் மரத்தடியில் இரண்டு மழைக்காலம் நனைந்தபடி நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் குட்டை ஸ்பிரிங்குகளைப் போட்டு வண்டியைத் தாழ்த்தியிருந்தார். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். கையை வெளியே நீட்டினால் தரையைத் தொடலாம் போலிருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

கொல்கத்தாவில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக யார் விடுகிறார்கள்? ஆனால் அவ்வளவு கீழே உட்கார்ந்தால் அந்த முப்பதே பறப்பது மாதிரி இருக்கும். இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் சம்பாத்தியம், என் ஆசை.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அலிப்பூரில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். எதையும் இரண்டு முறை யோசித்துச் செய்கிறவர். "ஆட்டோவுக்குப் பக்கத்துல நின்னா ஆட்டோக்காரன் நம்மளக் குனிஞ்சு பார்க்கறான்" என்றார் முதல் நாளே. "பார்க்கட்டும்" என்றேன்.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். கிடர்பூரில் ஒரு அலைன்மென்ட் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் முன்சக்கரங்களைச் சரிசெய்து ஸ்டீயரிங்கை நேராக்கிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் போனேன். மூன்றாவது முறையும் அதே கதைதான்.

அப்புறம் அந்த மழை நாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கணவரும் நானும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மேம்பாலத்திலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பும் வளைவு. வேகம் அதிகமில்லை. பின்பக்கம் திடீரென்று இடப்புறமாக வழுக்கிப் போனது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன், அது கேட்கவில்லை. வண்டி அரைச்சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு பஸ். டிரைவர் பிரேக் பிடித்துவிட்டிருந்தார். அவர் முகம் மட்டும் மழைக்குள் வெளுப்பாகத் தெரிந்தது.

யாருக்கும் அடி இல்லை. வண்டியில் கீறல்கூட இல்லை. கணவர் கதவைத் திறந்து இறங்கினார். ஓரமாகப் போய் நின்று, நனைந்தபடியே ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டார்.

வீட்டில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா? வித்துடு. இனிமே அதுல நான் உக்கார மாட்டேன்."

"வயசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வண்டியில ஏதோ தப்பு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்."

"தப்பு வண்டியில இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று அவரிடம் நான் கோபப்படவில்லை. பயந்துபோயிருந்தார். நானும்தான் பயந்திருந்தேன். ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் போன அந்த இரண்டு நொடி பல நாள் என் மணிக்கட்டில் இருந்தது.

மறுநாள் பின்டயர்களைப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதுசு போல இருந்தது. தரையில் படுத்து உள்விளிம்பைத் தடவினால் வழவழவென்றிருந்தது. இடப்பக்க டயரில் கம்பி தெரிந்தது. நின்றுகொண்டு பார்க்கிற யாருக்கும் அது கண்ணில் படாது.

கடைக்குப் போனேன். கணவரும் கூட வந்தார், வண்டியில் அல்ல, பின்னால் டாக்ஸியில். வண்டியை விற்க வழி கேட்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். கடைக்காரர் டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு தாழ்த்தின வண்டிக்குப் பின்னாடி ஒண்ணும் செய்ய முடியாது. பின்சக்கரத்து போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. பழைய ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கிடுங்க, இல்லாட்டி வித்துடுங்க." இதை அவர் இந்தியில் சொன்னார், என்னிடம் அல்ல, என் கணவரிடம். "மேடத்துக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்க சார்."

நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

இருபத்து மூன்று வருடமாக நான் கார்டன் ரீச் பக்கம் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறேன். கப்பலின் என்ஜினிலிருந்து வால்பகுதியில் உள்ள புரொப்பெல்லர் வரை ஒரு நீண்ட இரும்புத் தண்டு போகும். அது ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் அளந்து, தலைமயிர் அளவு விலகலையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கப்பலை நேராக்கத் தெரிந்தவளுக்கு ஒரு காரின் இரண்டு சக்கரத்தை நேராக்கத் தெரியாதா?

"தாதா, வண்டியைத் தூக்க மாட்டேன். விக்கவும் மாட்டேன்" என்று கடைக்காரரிடம் வங்காளத்தில், அண்ணன் முறை வைத்தே சொன்னேன். "நானே செஞ்சுக்கறேன்."

அவர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. என்னை அவருக்குத் தெரியும்.

வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்தினேன். அதன் பிறகு வேலை முடியும்வரை ரோட்டுக்கு எடுக்கவில்லை. நான்கு நாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

எங்கள் ஃபிளாட்டின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், வண்டியின் இரண்டு பக்கமும் நான்கு ஸ்டாண்ட் வைத்து மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டினேன். இரண்டு நரம்பும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக வர ஒரு காலைப்பொழுது போயிற்று. பிறகு எஃகு அளவுகோலால் பின்சக்கரத்தின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் நரம்பிலிருந்து அளந்தேன். இடப்பக்கச் சக்கரத்தின் முன்விளிம்பு ஐந்து மில்லிமீட்டர் வெளியே திரும்பியிருந்தது. வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் உள்ளே. அதாவது இரண்டு பின்சக்கரங்களும் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போயிருக்கிறது. அதை நேராக ஓட்ட நான் ஸ்டீயரிங்கைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். கடைக்காரர் மூன்று முறையும் குற்றமற்ற முன்சக்கரங்களைத் திருகியிருக்கிறார்.

சக்கரத்துக்கு மேலிருந்து தூக்குநூல் விட்டும் பார்த்தேன். மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட இருபத்திரண்டு மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருந்தது. வண்டியைத் தாழ்த்தினால் பின்சக்கரம் அப்படித்தான் சாயும். ஆனால் டயரைத் தின்றது சாய்வு மட்டும் அல்ல, அந்த ஐந்து மில்லிமீட்டர் திரும்பல்தான் அதைத் தரையில் தேய்த்தது. எண்கள் கையில் வந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

இரண்டாம் நாள் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி வந்தார். ஓய்வுபெற்ற, மிக மரியாதையான மனிதர். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். என் கால்கள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"பௌதி, கம்பவுண்டுக்குள்ள ரிப்பேர் வேலை செய்யக் கூடாதுன்னு ரூல் இருக்கு" என்றார் வங்காளத்தில், அண்ணி முறை வைத்து.

வெளியே வந்தேன். முகமெல்லாம் கிரீஸ். "அந்த ரூலைக் காட்டுங்க, தாதா."

அவர் போய் உண்மையிலேயே காகிதத்தோடு வந்தார். வாங்கிப் படித்தேன். 'வியாபார நோக்கில்' என்று இருந்தது.

"இது வியாபாரம் இல்லை. என் வண்டி, என் கை."

"நாலு பேர் வேடிக்கை பார்க்கறாங்க, பௌதி."

பால்கனிகளை நிமிர்ந்து பார்த்தேன். நாலு பேர் இல்லை, ஒன்பது பேர் நின்றார்கள். "அவங்க பார்க்கட்டும். சத்தம் வந்தா மட்டும் சொல்லுங்க" என்று மறுபடியும் உள்ளே போனேன்.

சத்தம் வரவில்லை, ஏனென்றால் நான் இரும்பறுக்கும் கிரைண்டர் வைக்கவில்லை. கடைக்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. பின்சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்யும் போல்ட்டுகள், மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் உள்ள இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருந்தன. மரத்தடியில் நின்ற இரண்டு மழைக்காலத்தின் வேலை. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். நீளமான பைப்பை மாட்டி நெம்பினேன். ஒன்று அசைந்தது. மூன்று அசையவில்லை. தீ காட்டினால் ரப்பர் எரியும். கடைசியில் ஹேக்ஸா பிளேடை இடுக்கில் விட்டு, படுத்தபடியே அறுத்தேன். ஒரு போல்ட்டுக்கு ஒரு காலைப்பொழுது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மூன்றாவது துண்டாகி விழுந்தபோது வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். மேலே யாரோ கைதட்டினார்கள்.

புதுப் போல்ட்டுகளும் புஷ்ஷுகளும் வந்து சேர நாளாயிற்று. அவற்றோடு, பின்சக்கரத்தின் மேற்பகுதியை வண்டியோடு இணைக்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேல்கைகள் இரண்டும் வரவழைத்தேன். வண்டியைத் தூக்காமலே சக்கரத்தின் சாய்வைக் குறைக்க அவைதான் வழி. மறுபடி லீவு போட்டு மாட்டினேன். முதலில் சாய்வு, பிறகு திரும்பல். சாய்வைத் தொட்டால் திரும்பலும் மாறிவிடும் என்பதால் அந்த வரிசையை மாற்ற முடியாது. புது டயர் போட்டு, அளந்து, எல்லாம் சரியாக இருந்ததும் சந்தோஷமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் அளந்தேன். எல்லாம் மாறியிருந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மட்டும் விற்றுவிடலாம் என்று தோன்றியது, மறைக்க மாட்டேன்.

அறுத்தெடுத்த பழைய புஷ் ஒன்று எதிரே கிடந்தது. அதைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது நான் போல்ட்டுகளை இறுக்கியிருக்கிறேன். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளியிருக்கிறது. வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். தப்பு என்னுடையது. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். யாரும் சொல்லாததால் சுலபமாக ஒப்புக்கொண்டேன்.

மரக்கட்டைகளை அடுக்கிச் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, அடியில் நுழைய இடம் செய்துகொண்டு, எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். ஓட்டி வந்து அளந்தேன். அசையவில்லை. ஒரு வாரம் ஓட்டி அளந்தேன். அப்போதும் அசையவில்லை. ஸ்டீயரிங் நேராக நின்றது.

அலைன்மென்ட் கடைக்குப் போனேன், சரிசெய்ய அல்ல, அவருடைய மெஷினில் எண்களைப் பார்க்க மட்டும். பின்சக்கரத் திரும்பல் இரண்டு பக்கமும் பச்சையில் காட்டியது. சாய்வு சிவப்பில் இருந்தது. கம்பெனி அளவைவிட நான் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தேன். தாழ்ந்த வண்டிக்கு அது வேண்டும்.

கடைக்காரர் திரையை வெகுநேரம் பார்த்தார். "தீதி, யார் செஞ்சது?" என்றார். மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன்.

"சொன்னேனே."

"சிவப்பு இருக்கே. பச்சை வர்ற மாதிரி வண்டியைக் கொஞ்சம் தூக்கினா..."

"சிவப்பாவே பிரின்ட் போட்டுக் குடுங்க."

கொடுத்தார். இந்த முறை என் கையில் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். கணவர் படித்துப் பார்த்தார். மீதி மழைக்காலம் முழுவதும் தனியாகவே வேலைக்கு ஓட்டிப் போனேன். ஒவ்வொரு மாதமும் தரையில் படுத்து டயரைத் தடவிப் பார்த்தேன். உள்ளும் வெளியும் ஒரே மாதிரி தேய்ந்தது.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம், ஒரு காலை, நான் கிளம்பும்போது அவர் ஆபீஸ் பையோடு கீழே வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, முனகிக்கொண்டே உள்ளே இறங்கினார்.

"இன்னும் கீழதான் இருக்கு" என்றார்.

"ஆமா."

"ஏறி இறங்க முட்டி வலிக்குது."

"பழகிக்கோங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.