தம்பியைக் கொன்றதை வளர்த்தவள்

அந்த லேப்பில் அவளுக்குத் தட்டக்கா என்று பெயர். மூடி போட்ட சின்னச் சின்னத் தட்டுகளில் மனித செல்களை வளர்ப்பது அவள் வேலை, பதினோரு வருடமாக. அடுத்த அறையில் பாக்டீரியாவையும் அவளே வளர்க்க வேண்டும். அதன் நஞ்சைப் பிரித்தெடுத்துச் செல்களின் மேல் விட்டால் என்ன ஆகிறது என்பதுதான் லேப்பை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி.

அவள் தம்பியைக் கொண்டுபோனதும் அதே பாக்டீரியாதான். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, மூன்றே நாள். "எதிர்த்து நிக்கவே இல்லடி அவன். உடம்புல தெம்பே இல்ல" என்று அம்மா இன்றுவரை அவனையே குறை சொல்வாள். கேட்டால் தட்டக்காவுக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் அவன்மேல் அதே ஆத்திரம் இருந்தது. அப்படி என்ன அவசரம் அவனுக்கு?

வேறு பிரிவுக்கு மாற்றித் தருகிறேன் என்று மேடமே சொல்லிப் பார்த்துவிட்டார். மாட்டேன் என்றுவிட்டாள். அந்தச் சனியன் ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வுவதைப் பார்க்காமல் அவள் நகர்வதாக இல்லை. மிச்சமான பாக்டீரியாக் குடுவைகளைக் கொதிக்கும் நீராவிக் கலத்தில் வைத்துத் திருகி மூடும்போது "வெந்து சாவு" என்று முணுமுணுப்பாள். மனசு கொஞ்சம் ஆறும். மறுநாள் சோதனையில் அவளுடைய செல்கள்தான் வரிசையாகச் செத்துக் கிடக்கும்.

நஞ்சு விடும் முன் செல்களைக் கால்சியம் இல்லாத உப்புநீரில் அலச வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். யார் ஆரம்பித்தது, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டில் தீர்ந்திருந்தது. பக்கத்தில் கால்சியம் கலந்த பாட்டில். சாகப்போவதற்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்று கடுப்பில் அதையே ஊற்றிவிட்டாள்.

அன்று செல்கள் சாகவில்லை.

"நஞ்சு கெட்டுப்போச்சு, கொட்டிடுங்க" என்றார் மேடம்.

"கெடல மேடம். அதே நஞ்ச ரத்தத்துல விட்டுப் பாத்தேன், ரத்தச் செல்ல எல்லாம் நிமிஷத்துல கரைச்சிடுச்சு. நான்தான் அலசுற தண்ணிய மாத்திட்டேன்." வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள்.

மேடம் திட்டவில்லை. மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்துக் காட்டினார். நஞ்சு செல்லின் தோலில் ஓட்டை போடுகிறது. ஓட்டை வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. ஆபத்து என்று செல்லுக்குச் சொல்வதே அதுதான். உடனே செல், ஓட்டை விழுந்த இடத்தைக் குமிழாகப் பிதுக்கிக் கிள்ளி எறிந்துவிட்டுத் தோலை மூடிக்கொள்கிறது. இத்தனை வருடமாக அந்தக் கால்சியத்தை அலசித் தள்ளியது அவள் கைதான்.

தட்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படித்தான், கிள்ளி எறிங்கடி."

மேடம் ஃபோன் பேச வெளியே போனார். அவளுக்கு ஆசை அடங்கவில்லை. அந்த நஞ்சை இன்னும் அவமானப்படுத்த வேண்டும். புதுத் தட்டு ஒன்றை அதே கால்சியத் தண்ணீரில் அலசி வைத்து, நான்கு மடங்கு நஞ்சை விட்டாள்.

செல்கள் கிள்ளி எறிந்தன. மறுபடி எறிந்தன. ஒன்றை மூடுவதற்குள் பத்து ஓட்டை விழுந்தது. ஒரு செல் தன் தோலில் பெரும்பகுதியை எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மூடப் பார்த்தது. இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கின. ஒன்றுகூடச் சும்மா சாகவில்லை.

மேடம் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "அளவு கூடிப்போச்சு மேடம்" என்றாள். பிறகு வராந்தாவுக்குப் போய் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

"இனிமே அவனக் குறை சொல்லாதம்மா. கடைசிவரைக்கும் போராடித்தான் செத்திருக்கான். நமக்குத்தான் தெரியல."