மில்லிகிராம் அக்கா

டப்பா கைக்கு வந்ததும் அக்கா முதலில் அதன் முதுகைத்தான் திருப்புவாள். முன்பக்கத்தில் ஒரு காளை சீறும், காளைக்குப் பின்னால் மின்னல் வெட்டும், மின்னலுக்கும் பின்னால் நரம்பு புடைத்த கை ஒன்று நீளும். அவற்றையெல்லாம் அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு நுனி டப்பாவில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோய், எறும்பு ஊர்வது மாதிரியான அந்தப் பொடி எழுத்தை உதடு அசையப் படிப்பாள். சுற்றிலும் ஜிம் பாட்டு காதைப் பிளந்துகொண்டிருக்கும். டப்பாவுக்குச் சொந்தக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

"மாவு" என்பாள் கடைசியில். அவ்வளவுதான் தீர்ப்பு.

உடற்பயிற்சிக்கு முன்னால் குடித்தால் மலையைப் புரட்டலாம் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் பொடிகளைப் பற்றித்தான் பேச்சு. டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஜிம்மில் யாரும் அக்காவிடம் காட்டாமல் ஒரு டப்பாவைத் திறப்பதில்லை. எதை நீட்டினாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மில்லிகிராம்?" என்பதால் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. உண்மையான பெயர் சேர்ந்த அன்று எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் இருக்கலாம். தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

அக்காவுக்கு வேலை பிஸ்கட் தொழிற்சாலையில், எடை போடும் அறையில். மாவு, சர்க்கரை, வெண்ணெய், வாசனைப் பொருள், எல்லாம் அவள் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் பிசையும் இயந்திரத்துக்குள் போகும். அங்கே தயாராகும் பாதாம் பிஸ்கட்டின் உறையில் பாதாம் பருப்பு அருவியாகக் கொட்டும். உள்ளே நிஜமாக எவ்வளவு போகிறது என்பது நிறுத்தவளுக்குத் தெரியாதா? "உறை மேல வரைஞ்ச பாதாமை எண்ணிப் பாருங்க. அது உள்ள இருக்கிறதைவிட ஜாஸ்தி" என்பாள். படத்தை நம்பும் பழக்கம் அவளுக்கு அந்த அறையிலேயே செத்துப்போய்விட்டது.

மூட்டைக்குக் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், முதுகைப் பலப்படுத்தச் சொல்லி டாக்டர்தான் ஜிம்முக்கு அனுப்பினார். தொழிற்சாலையில் கொடுத்த கான்வாஸ் ஷூவோடு படியேறி வந்தவளைப் பார்த்து, யாரோ மகனைத் தேடி வந்திருக்கிறார் என்று ஜிம் மாஸ்டர் நாற்காலி எடுத்துப் போட்டாராம். இன்று அந்த இடுப்பு தூக்கும் எடையைப் பார்த்து வாலிபப் பையன்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

டப்பா படிப்பதில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பட்டியலில் முதலில் வருவதுதான் உள்ளே அதிகம். அதனால் முதல் பெயரே புளிப்புக்குப் போடும் சிட்ரிக் ஆசிட் என்றால் மேற்கொண்டு படிக்க மாட்டாள். "எலுமிச்சை சர்பத்துக்கு இவ்ளோ விலையா?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். சிட்ருலின் என்று ஒன்று ரத்த ஓட்டத்துக்குப் போடுவார்கள். ஆறு கிராமாவது இருந்தால்தான் பேச்சு, அரை கிராம் போட்டுவிட்டுப் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் மேலே, 'ரகசியக் கலவை' என்ற வார்த்தை. பத்துப் பெயரை வரிசையாகப் போட்டு, எது எவ்வளவு என்பதை மட்டும் கம்பெனி மறைத்துவிடும். அப்போது அக்காவின் வாயிலிருந்து வரும் வாக்கியம் ஜிம்முக்கே மனப்பாடம்.

"எவ்ளோன்னு சொல்லலைன்னா, இல்லைன்னு அர்த்தம்."

கொரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் புஜமே ஒரு பார்சல் அளவு. அவன் ஒருநாள் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தான். "அக்கா, குடிச்சதும் காது ஜிவ்வுங்குது. மூஞ்சியில ஊசி குத்துற மாதிரி இருக்கு. அப்ப சரக்கு வேலை செய்யுதுல்ல?"

"அது பீட்டா அலனின். அரிக்கத்தான் செய்யும். தினம் விடாம சாப்பிட்டா வாரக்கணக்குல மெதுவா உதவும். இன்னிக்கு அரிச்சதுக்கும் இன்னிக்கு நீ தூக்குறதுக்கும் சம்பந்தம் கிடையாது. அரிச்சா பலம்னா, கொசுக்கடி வாங்கினவன்லாம் பயில்வான்தான்."

தம்பி காதைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டான். அதிகம் அடிபட்டவர் மாஸ்டர். அவர் மேஜைக்குப் பின்னால் ஓர் அலமாரி நிறைய டப்பா வாங்கி அடுக்கியிருந்தார். அக்கா வந்த பிறகு டப்பா விற்காமல் அதில் தூசிதான் கூடிக்கொண்டே போனது. "நீங்க பாட்டுக்கு மாவுன்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க. என் வயித்துல அடிக்காதீங்கக்கா" என்று கெஞ்சிப் பார்த்தார். இப்போது அதே அலமாரியில் வாழைப்பழம் வைத்து விற்கிறார். வாழைப்பழத்துக்கு முதுகில் எழுத்து கிடையாது என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

இப்படி ஊருக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்த அக்காவுக்குச் சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. அதுவும் சோபா வழியாக.

வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு திணித்து, புதுத்துணி போடுவதில் கெட்டிக்காரர். ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தலைசுற்றி அந்த சோபா மேலேயே சாய்ந்துவிட்டார். படுத்துப் பார்த்துச் சோதிக்கிறார் என்று நினைத்து அந்த வீட்டார் அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். பிறகுதான் பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். ரத்த அழுத்தம். மாத்திரை கொடுத்து, நடக்கச் சொல்லி, காபியைக் கூட ஒரு டம்ளரோடு நிறுத்தச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மாத்திரை அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டது. மனிதரைக் கவனிக்க மாத்திரை இல்லை. "இனிமே என்ன இருக்கு" என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டு சோபாவில் உட்கார்ந்தவர், அதிலிருந்து எழுவதே இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு எந்த வேலைக்கும் போகவில்லை. அக்கா வலுக்கட்டாயமாக ஜிம்முக்கு இழுத்துவந்தாள். மின்விசிறிக்கு நேராக இருந்த பெஞ்சில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எடையைத் தூக்கும்போது வராத மூச்சுத்திணறல் அக்காவுக்கு அதைப் பார்க்கும்போது வந்தது. பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

அப்புறம் திடீரென்று மனிதர் மாறினார். ஒருநாள் கைப்பிடியைத் தொடாமல் ஜிம் படியேறினார். இன்னொரு நாள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சின்ன டம்பெல்லை எடுத்தார். போகப்போக, இரும்பு வட்டு மாட்டித் தூக்கும் நீளக் கம்பியிடமே போய்விட்டார். பழையபடி சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார், குளிக்கும்போது பாட்டு வேறு. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, தராசு முள் காரணமில்லாமல் ஆடினால் வரும் சந்தேகமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தாள். முதுகில் ஏதோ உருண்டையாக இடித்தது. ஸ்பிரிங் விட்டுப்போயிருக்கும் என்று பின்பக்கம் தடவினால் புதிதாக ஒரு ஜிப். திறந்தால், பஞ்சுக்குள் பதமாகக் குழி வெட்டி, ஒரு டப்பா. காளை சீறிக்கொண்டிருந்தது. சோபாக்காரர் சோபாவில்தானே ஒளித்து வைப்பார்! பெண்டாட்டியும் படுக்கிற சோபா என்பதுதான் அவருக்குத் தோன்றாமல் போனது.

அக்கா டப்பாவின் முதுகைத் திருப்பினாள். முதல் பெயர் சிட்ரிக் ஆசிட். அடுத்து இனிப்பு, சாயம். அதற்குக் கீழே 'ரகசிய ஆற்றல் கலவை'. அந்தக் கலவையின் பெயர்களுக்கு நடுவே கஃபீன். எவ்வளவு? போடவில்லை.

எவ்ளோன்னு சொல்லலைன்னா இல்லைன்னு அர்த்தம். சரி. ஒருவேளை இருந்து தொலைத்தால்? சில டப்பாக்களில் ஒரு கரண்டியிலேயே மூன்று டம்ளர் காபிக்கு உண்டான கஃபீன் இருப்பதை அவளே படித்திருக்கிறாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொன்ன வாக்கியம், தன் வீட்டு மனிதர் என்று வந்ததும் ஆட்டம் கண்டது. தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். போட்டால் மறுநாளே மனிதர் மின்விசிறிக்கு நேராக வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவளுக்குத் தெரிந்த ஒரே சோதனைக்கூடம் அவளுடைய உடம்புதான். மதியத்துக்கு மேல் ஒரு வாய் காபி குடித்தால் கோழி கூவும்வரை கண் மூடாத பிறவி அவள். அவர் ஒரு கரண்டி குடிக்கிறாரா, நாம் இரண்டு குடிப்போம் என்று கரைத்து ஒரே மூச்சில் விழுங்கினாள். பல் கூசியது. சோபாவில் படுத்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இதோ படபடக்கப் போகிறது, இதோ படபடக்கப் போகிறது என்று காத்திருந்தாள்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வீட்டுக்காரர்.

"ஏம்மா, என்ன இப்படித் தூங்குற? குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குது. உடம்பு சரியில்லையா?"

பொழுது சாய்ந்திருந்தது. குஷனில் எச்சில் வழிந்திருந்தது. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! தன் வீட்டுக்காரர் காசு கொடுத்து நன்றாக ஏமாந்து வந்திருக்கிறார் என்று எந்தப் பெண்பிள்ளை இப்படிக் குளிர்ந்து போயிருக்கிறாள்? "களவாணிப் பசங்க. நல்லா இருக்கட்டும்" என்று முகம் தெரியாத அந்தக் கம்பெனிக்காரர்களை மனதார வாழ்த்தினாள்.

ஒரு தடவை நிறுத்ததை நம்புகிறவள் இல்லை அவள். அடுத்த ஞாயிறும் குடித்தாள், அடுத்த ஞாயிறும் குறட்டை விட்டாள். ஏதோ சாக்குச் சொல்லி அன்றாடம் காலையில் அவர் கையில் பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தாள். அழுத்தம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கக் காரணம் அவர் தூக்கும் எடை. அவர் தூக்குவதற்குக் காரணம் டப்பா. டப்பாவில் இருப்பது புளிப்பு. இந்தக் கணக்கில் நடுவிலே ஒரு படி இல்லை, ஆனாலும் மனிதர் மாடிக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். அக்கா டப்பாவை எடுத்த குழியிலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். வாயையும்தான். அதுதான் மகா கஷ்டமாக இருந்தது. "வயசு ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் உள்ள போற சரக்குல இருக்கு" என்று அவர் பூடகமாகப் பேசும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

போன வாரம் ஒருநாள் காலை, நீளக் கம்பியில் மாஸ்டர் இன்னொரு வட்டைச் சேர்த்தார். வீட்டுக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து, நின்று, பதமாக இறக்கினார். ஜிம்மே கைதட்டியது.

"அண்ணே, என்னண்ணே சாப்பிடுறீங்க?" என்று மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

ரகசியம் காக்கிற பொறுமையெல்லாம் அந்த நிமிஷத்தில் அவரைவிட்டுப் போய்விட்டது. பையைத் திறந்து டப்பாவை எடுத்து அக்காவின் முன்னால் டொக்கென்று வைத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஊருக்கெல்லாம் மாவு மாவுன்னு சொல்லுவியே. இப்ப என்னைப் பாரு, இதைப் படிச்சுப் பாரு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். கொரியர் தம்பி கையிலிருந்த எடையைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அக்கா டப்பாவைக் கையில் எடுத்தாள். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அவள் சொல் நிற்கும், அவர் உட்கார்ந்துவிடுவார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதரை இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

டப்பாவை அவள் திருப்பவில்லை. மூடியைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி, மேலே விரலால் வழித்துச் சமப்படுத்தி, அவருடைய பாட்டிலில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

"அப்ப நானும் ஒண்ணு வாங்கட்டுமாக்கா?" என்றான் தம்பி.

"உனக்கு வேண்டாம்."

"ஏங்க்கா? அண்ணனுக்கு வேலை செய்யுதே?"

"அவருக்குச் செய்யுது. உனக்குச் செய்யாது."

"அது எப்படிக்கா? எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கு?"

அக்கா பாட்டிலை மூடிக் குலுக்க ஆரம்பித்தாள். பொடி கரைய உள்ளே போட்டிருந்த கம்பிச்சுருள் கடகடவென்று சத்தம் போட்டது. காதில் விழவில்லையோ என்று தம்பி இன்னும் உரக்கக் கேட்டான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் குலுக்கினாள்.