அப்பாவுக்கு ஒரு பஸ்

அவனுக்கு வைத்த பெயர் வேறு, வாய்த்த பெயர் டிகிரி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்பதால் அப்பா சூட்டிய பட்டம் அது. அப்பா பஸ் டிரைவர். மகன் கறுப்பு அங்கி போட்டு நின்ற ஃபோட்டோவை டிப்போவில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டு, "இனிமே எங்க வீட்டுப் பேரே டிகிரிதான்யா" என்றாராம். டிப்போவில் கிளம்பிய பெயர் கிராமத்துக்கு வந்து சேர்ந்து, கடைசியில் அம்மா வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவன் வெட்கப்படுவதுபோல் காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது.

நகரத்தில், கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. தங்கியிருந்தது ஒரு மாடி வீட்டில், இரண்டு அறைகள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபின் அவரையும் அம்மாவையும் அங்கேயே கூட்டிவந்தான். அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில்தான் தொண்டையைத் தாண்டி வரவில்லை. ஒரு முழு பஸ்ஸையும் குரலாலேயே உள்ளே தள்ளி உட்கார வைத்தவர், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். "இந்தக் கொஞ்ச மாசத்துல கை எவ்வளவு வேலை செய்யுதோ அவ்வளவுதான் மிஞ்சும், தம்பி. இப்ப விட்டா விரல் மடங்கி இறுகிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் விரிக்க முடியாது."

அவள் கொடுத்த ரப்பர் பந்தை அப்பா இடது கையால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். கிளிப்பைக் கயிற்றில் மாட்டச் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "வளந்த மனுஷனுக்குப் பந்து குடுத்தா கோவம் வராதா?" என்றாள் அம்மா. ஆனால் தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் மட்டும் அவர் தலை நிமிரும். அந்த வலது கட்டைவிரல் போர்வைக்குமேல் இலேசாகத் துடிக்கும். டிகிரி அதைப் பார்த்துவிட்டான்.

மொபைலில் ஒரு பஸ். கட்டைவிரலை இடப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம், வலப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம். அவ்வளவு போதும் என்று தோன்றியது. மொபைல் கேம் செய்யும் வித்தை அவனுக்குத் தெரியாது. ஆபீஸில் மூத்தவனான மொட்டைக்கு ஃபோன் போட்டான். மொட்டைக்குத் தலையில் இல்லாதது எல்லாம் தலைக்குள் இருந்தது.

"புதுசா எதுக்குடா படிக்கற?" என்றான் மொட்டை. "உனக்கு வெப் பேஜ் தெரியும்ல. கேமையும் ஒரு பேஜா எழுது. மேல ஆப் மாதிரி ஒரு உறைய மாட்டு. உள்ள ஓடறது உன் பேஜுதான், வெளியில பாக்கறவனுக்கு ஆப்பு."

"எனக்கு ஆப்பு வராம இருந்தா சரிண்ணே."

அப்பாவைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தான். கம்பெனி வேலை நடுவே இதையும் உருட்டினான். முதலில் பஸ் வெறும் சிவப்புக் கட்டம். விரலை இழுத்தால் பஸ் நகராமல் பக்கம் முழுவதும் சேர்ந்து நகர்ந்தது. இரண்டு முறை தட்டினால் திரை பெரிதாகி, சாலை காணாமல் போயிற்று. வெப் பேஜுக்கு அதெல்லாம் பிறவிக் குணம். ஒவ்வொன்றாக அதட்டி உட்கார வைத்தான். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஆப்பை மறுபடி கட்டி மொபைலில் ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. அதற்கும் மொட்டை ஒரு குறுக்குவழி சொன்னான். ஆப்புக்குள் பேஜை வைக்காமல் லேப்டாப்பின் முகவரியை மட்டும் வைத்துவிட்டால், ஆப் ஒவ்வொரு முறையும் வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்பிடம் கேட்டு பஸ்ஸை வாங்கிக்கொள்ளும். இங்கே ஒரு வரி மாற்றினால் அங்கே உடனே மாறும். "வேலை முடிஞ்சதும் அந்த முகவரி வரிய எடுத்துட்டு பேஜ உள்ளயே வெச்சுரு" என்று அவன் சொன்னதும் டிகிரி காதில் விழத்தான் செய்தது.

பழைய மொபைல் ஒன்றை அப்பா மடியில் வைத்தபோது அவர் முதலில் பார்க்கக்கூட இல்லை. பஸ் முதல் வளைவில் நேராகப் போய் மரத்தில் மோதியது. அப்பா முகம் சுளித்தார். மகனை முறைத்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கித் திரைமேல் வைத்தார்.

"முப்பது வருஷமா ஒரு கீறல் விழாம ஓட்டினவருடா" என்றாள் அம்மா. "அவரு பஸ்ஸப் போய் மரத்துல முட்ட வெச்சிருக்கியே."

சில நாட்களில் முதல் வளைவு திரும்பியது. அப்புறம் இரண்டாவது. பிசியோதெரபி அம்மா வந்து பார்த்துவிட்டு, கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலும் அசைவதைக் கண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத நிறுத்தாதீங்க. தினமும் ஓட்டட்டும்." டிகிரி அன்றைக்குத் தன் பெயருக்குத் தகுதியானவனாக உணர்ந்தான். பஸ் ஓடியது. வேலை முடிந்தது என்று நினைத்தான். அந்த ஒரு வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

கம்பெனி எல்லாரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினான்.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக் கழற்றும் முன்பே லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைப்பது அவன் பழக்கம். அன்றும் வைத்தான். "அப்பா ஓட்டினாராம்மா?"

"எங்க ஓட்டினாரு? கொஞ்ச நேரம் அமுக்கிப் பாத்தாரு. அப்புறம் என்கிட்ட தூக்கிக் காட்டினாரு. சார்ஜ் போச்சோன்னு போட்டு வெச்சேன். லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது."

அம்மாவுக்கு மொபைலில் வெளிச்சம் வந்தால் அது ஓடுகிறது என்று அர்த்தம்.

அப்பா இடது கையால் மொபைலைக் காட்டித் தலையை ஆட்டினார். டிகிரி வாங்கித் திறந்து பார்த்தான். சிவப்புப் பஸ் சாலையில் நின்றிருந்தது. "நல்லாத்தானப்பா ஓடுது?" அப்பா திரையையே உற்றுப் பார்த்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

அதன்பின் இதுவே வழக்கமாயிற்று. பகலில் ஓட்டமாட்டார். மகன் வந்தபின் கொஞ்சம் ஓட்டுவார். "நீ பக்கத்துல உக்காந்தாத்தான் ஆடுவாராம். சின்னப் புள்ளையாட்டம் அடம்" என்றாள் அம்மா. பிசியோதெரபி அம்மாவும் ஆமாம் என்றாள். நோய் வந்தவர்கள் இப்படித்தான், செல்லம் கொடுக்கக் கூடாது, கண்டிப்பாக இருங்கள் என்றாள். டிகிரி கண்டிப்பாக இருந்தான். மாலையில் மொபைலைக் கையில் கொடுப்பதை நிறுத்தினான். "பகல்ல ஓட்டினாத்தான் சாயங்காலம் நான் பக்கத்துல உக்காருவேன்" என்றான்.

அப்பா பகலில் முயன்றுதான் பார்த்தார். அம்மா அதைச் சாதாரணமாகச் சொல்வாள்: "அந்த மொபைலையே வெச்சுத் தடவிட்டு இருந்தாரு, அப்புறம் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டாரு." ஒரு நாள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்கதான்ப்பா மனசு வெக்க மாட்டேங்கறீங்க" என்று கத்தினான். அப்பா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "ம்... ம்..." என்று மட்டும் வந்தது. அதன்பின் அவர் மொபைலைத் தொடவில்லை. பஸ் சத்தத்துக்கும் தலை நிமிரவில்லை.

சில வாரங்கள் கழித்து ஆபீஸில் மொட்டை கேட்டான். "உங்க அப்பா ஓட்டற பஸ்ஸ என் மொபைல்லயும் போட்டுவிடேன். என் பொண்ணு கேக்கறா."

ஏற்றினார்கள். மொட்டை திறந்தான். வெள்ளைத் திரை. மூடித் திறந்தான். மறுபடி வெள்ளை.

"ஏண்டா, உங்க அப்பா இந்த வெள்ளைப் பேப்பரத்தான் ஓட்டறாரா?" என்று சிரித்தவன், டிகிரியின் லேப்டாப்பை இழுத்து அமைப்புக் கோப்பைத் திறந்தான். "அந்த வரிய எடுக்கவே இல்லியா? இது வீட்டு வைஃபைல உன் லேப்டாப்பத் தேடுதுடா. நீ வீட்டுல இருந்தா ஓடும். இல்லேன்னா..."

மொட்டை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்கு டிகிரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான். பஸ்ஸில் நின்றபடியே எல்லாம் வரிசையாக வந்தது. அம்மாவிடம் அப்பா தூக்கிக் காட்டியது. கண்ணைத் தேய்த்துக்கொண்டது. இல்லாத ஒன்று மாலையில் எப்படி வந்தது என்று புரியாமல், தன் கண்ணையும் புத்தியையுமே அந்த மனிதர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"தப்பு என்மேலப்பா" என்றான் கட்டிலருகில் உட்கார்ந்து. "நான் போனதும் பஸ்ஸும் போயிடுச்சு. உங்க கையில ஒண்ணுமில்ல."

"எதுக்குடா இப்படியெல்லாம் சொல்லித் தேத்தற?" என்றாள் அம்மா. "அவருக்கு எல்லாம் தெரியும்."

அப்பா அவனைப் பார்த்த பார்வையும் அதையே சொன்னது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் தோளைத் தட்டிய டாக்டரையும் அவர் இப்படித்தான் பார்த்தார்.

டிகிரி லேப்டாப்பைக் கட்டிலின்மேல் வைத்துத் திறந்தான். மொபைலில் பஸ் வந்தது. லேப்டாப்பை மூடி, ஆப்பை மறுபடி திறந்து காட்டினான். வெள்ளை. லேப்டாப்பைத் திறந்தான். பஸ். மூடினான். வெள்ளை. வார்த்தையே இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்தான்.

அப்பா லேப்டாப்பைப் பார்த்தார், மொபைலைப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பகலெல்லாம் அந்த வெள்ளையவா அமுக்கிட்டு இருந்தீங்க? நான் சார்ஜு போட்டுட்டு இருந்தேனே" என்றாள்.

அந்த வரியை நீக்கி, பஸ்ஸையும் சாலையையும் ஆப்புக்குள்ளேயே வைத்துக் கட்டி ஏற்ற, அம்மா பால் காய்ச்சும் நேரம்தான் ஆயிற்று. லேப்டாப்பை அணைத்தான். மொபைலில் ஆப்பைத் திறந்தான். பஸ் இருந்தது.

அப்பா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. டிகிரி ஒவ்வொன்றாகப் பிரித்துவிடப் பார்த்தான். விட்டதும் அவை திரும்பவும் சுருண்டுகொண்டன. கட்டைவிரலை மட்டும் எப்படியோ திரையில் பதிய வைத்தார்கள்.

பஸ் கிளம்பியது. வளைவு நெருங்கியது. அப்பாவின் முகம் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது, தோள் சாய்ந்தது, உடம்பே திரும்பியது. விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. பஸ் நேராகப் போய் மோதி, தானாகவே மீண்டும் சாலைக்கு வந்து நின்றது.

"எடுத்துரவாப்பா?"

அப்பா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பஸ் மறுபடி கிளம்பியது. டிகிரி அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.